மதத்துக்கு வெளியே மெய்மறந்த கணங்கள்: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

வாசகர் கேள்வி, ஜூன் 2

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பதினேழு வயதிலேயே விட்டாயிற்று. ஆனால் மூன்று வாரம் முன்பு, மின்சாரம் போன ஒரு இரவில், மொட்டை மாடியில் படுத்திருந்தேன். வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது "நான் பார்க்கிறேன்" என்பது எங்கோ போய்விட்டது. பார்ப்பது மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. வீட்டில் சொன்னால் "அதுதான் சாமி, இப்பவாவது ஒத்துக்கோ" என்பார்கள். நண்பர்களிடம் சொன்னால் சரியாகத் தூங்கு என்பார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. மதம் இல்லாதவனுக்கு இப்படி வந்தால் அதற்கு என்ன பெயர்? ஆன்மிகம் என்று சொல்லலாமா?

பதில், ஜூன் 2, இரவு

சொல்லலாம். பெயரைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் ஒன்று: உங்களுக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை இது.

ஆலிஸ்டர் ஹார்டி என்று ஒரு கடல் உயிரியல் அறிஞர் இருந்தார். 1925 முதல் 1927 வரை டிஸ்கவரி கப்பலில் அண்டார்டிக் கடலுக்குப் போய், கண்ணுக்கு எளிதில் தெரியாத மிதவை உயிரிகளை ஆராய்ந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1969-ல், ஆக்ஸ்ஃபோர்டில் இந்த மாதிரி அனுபவங்களைத் திரட்டுவதற்கென்றே ஒரு ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். பொதுமக்களிடம் அவர் கேட்ட கேள்வியின் சாரம் இது: கடவுள் என்று அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், அன்றாட உங்களிலிருந்து வேறான ஒன்றை நீங்கள் எப்போதாவது உணர்ந்ததுண்டா?

"அழைத்தாலும் அழைக்காவிட்டாலும்" என்ற அந்தச் சின்ன இடைச்செருகல்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அது இல்லையென்றால் பாதிப் பேர் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். கடிதங்கள் வந்து குவிந்தன. கடலில் வலை போட்டு மிதவை உயிரிகளைச் சேர்த்த அதே பொறுமையோடு அவற்றைச் சேர்த்தார். அந்தத் தொகுப்பு பிற்பாடு வேல்ஸில் லாம்பீட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. 6000-க்கும் மேற்பட்ட விவரிப்புகள். வழிபாட்டில் இருந்தபோது வந்தவை உண்டு. தெருவில் நடந்தபோது, வயலோரம் நின்றபோது, நோயில் கிடந்தபோது வந்தவையும் உண்டு.

என் கருத்து நேராகவே: இதற்கு மதம் தேவையே இல்லை.

ஜூன் 3

என்னுடையதைச் சொல்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் செயலற்றுப் போனது. பேச்சும் குழறிவிட்டது. ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் அம்மாவும் தங்கையும் பார்த்துக்கொண்டார்கள். இரவு என் முறை. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. அலாரம் அடித்ததும் எழுந்து, ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, என் பக்கமாக உருட்டி, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே மடித்த துணி. ஐந்தாறு நிமிட வேலை. அதை முடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரச் சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த அலாரம் நெருங்கிவிடும்.

நான் அப்போது கோபக்காரனாக இருந்தேன். அப்பா மீது இல்லை. உடம்பு என்ற ஏற்பாட்டின் மீதே கோபம்.

ஒரு நாள், நாலு மணித் திருப்பல். வலப்பக்கம் நின்று என் பக்கம் உருட்டியபோது, அவருடைய நல்ல கை, இடது கை, வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. பிடிப்பில் வலு இல்லை. முகம் என் நெஞ்சுக்கு அருகே. மூச்சு என் சட்டையில் படுகிறது. அப்படியே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த மூச்சு யாருடையது என்பது தெரியாமல் போய்விட்டது. இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. தூக்குகிறவன், தூக்கப்படுகிறவர் என்று இரண்டு பேர் அங்கே இல்லை. மூச்சு இருந்தது, எடை இருந்தது, அவ்வளவுதான். ஒன்றுமே சரியாக இல்லாத அந்த வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. அப்பா பிழைத்துவிடுவார் என்ற நம்பிக்கை வந்ததாக நினைக்காதீர்கள். பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதுவும் அந்தச் சரிக்குள்ளேயே இருந்தது.

அறை முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவியதுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவை கூவியது. அரை மணி நேரமாவது இருக்கும்.

பிறகு அப்பா "போ... தூங்கு" என்றார். அந்த இரண்டு சொல்லையும் அவர் வாயிலிருந்து தெளிவாகக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அதன் பிறகு ஆறு வாரம் இருந்தார்.

ஜூன் 3, பிற்பகல்

வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளர் 1901, 1902-ல் எடின்பரோவில் ஆற்றிய உரைகளில் இப்படிப்பட்ட அனுபவங்களுக்கு நான்கு அடையாளம் சொன்னார். சொல்லில் அடங்காது. ஏதோ ஒன்றை அறிந்துகொண்டோம் என்ற உறுதியைத் தரும். நீடிக்காது, பெரும்பாலும் அரை மணி, மிஞ்சினால் ஒன்றிரண்டு மணி நேரம். நாம் செய்வதாக இருக்காது, நமக்கு நடப்பதாக இருக்கும்.

உங்கள் மொட்டை மாடிக்கு நான்கும் பொருந்துகிறது. கடவுள் என்ற சொல் இந்த நான்கில் ஒன்றிலும் வரவில்லை என்பதையும் பாருங்கள்.

ஜூன் 5

ஜூன் 3-ல் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட மாதங்களில் ஒரு நோட்டு வைத்திருந்தோம். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம், என்ன மருந்து, சிறுநீர் எவ்வளவு என்று எல்லோரும் அதில் குறிப்போம். இங்கே எழுதிய பிறகு அந்த நோட்டு ஞாபகம் வந்தது. அம்மா வீட்டுக்குப் போய்ப் பரண்மேல் தேடினேன். இருந்தது. அந்த நாளின் வரி, என் கையெழுத்தில்:

"4.00 வலப்பக்கம். 4.10 முடிந்தது. ஏதோ ஆச்சு. எழுதத் தெரியல."

பத்து நிமிடம். அரை மணி இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் வழக்கமான ஐந்தாறு நிமிட வேலையும் அடங்கும். ஆக நான் பதினோரு வருடமாகப் பொத்தி வைத்திருந்தது நான்கு, ஐந்து நிமிடம்.

வெளிச்சம் பற்றி ஒரு சொல் இல்லை. பறவை பற்றியும் இல்லை. இருந்திருக்கலாம், எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் கண்ணை மூடி நேர்மையாக நினைத்துப் பார்த்தால், அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. சின்ன வயதில் பார்த்த சாமி படங்களிலிருந்து. தலைக்குப் பின்னால் பரவும் அந்த மஞ்சள் ஒளி. பெரிய அனுபவம் என்றால் வெளிச்சம் இருக்க வேண்டும் என்று யாரோ எனக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதை எடுத்து அப்பாவின் அறையில் பூசியிருக்கிறேன், தெரியாமலேயே.

மூச்சும் கையும் பூச்சு இல்லை. அது உறுதி. மற்றதை எடுத்துவிடுங்கள்.

ஜூன் 5, இரவு

தூக்கம் வரவில்லை. "மதம் தேவையே இல்லை" என்று முதல் நாள் அடித்துச் சொன்னேனே, அது உறுத்துகிறது. நடந்தது மதத்துக்கு வெளியே. அதை நினைத்துப் பார்த்த விதம் மதத்துக்கு உள்ளே. இரண்டையும் நான் ஒன்றாகக் கட்டிவிட்டேன்.

ரமண மகரிஷியின் கதையில் இதே முடிச்சு இருக்கிறது. 1896-ல், பதினாறு வயதில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில், திடீரென்று மரண பயம் வந்து, படுத்துக்கொண்டு, "சாவது எது?" என்று உள்ளே பார்த்த அந்தச் சில நிமிடங்கள். குரு இல்லை. சடங்கு இல்லை. தனக்கு நேர்ந்ததைப் பற்றி நூல்கள் பேசுகின்றன என்பது திருவண்ணாமலைக்குப் போன பிறகுதான், பிறர் படிக்கக் கேட்டபோது, அவருக்குத் தெரிய வந்தது. அனுபவம் முதலில், சொல் பிறகு. ஆனால் அந்தப் பையன் அதற்கு முன்பே நாயன்மார்களின் கதையைப் படித்து உருகியவன். முழுக்க வெளியே என்று அதையும் சொல்ல முடியவில்லை.

ஜூன் 7

ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு இப்படி ஒன்றுமே நடந்ததில்லை. ஐம்பது வயது ஆகிறது. எனக்கு ஏதாவது குறையா?"

இல்லை. 1927 டிசம்பரில் ரொமெய்ன் ரோலந்து என்ற பிரெஞ்சு எழுத்தாளர், மனப்பகுப்பாய்வு அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்தச் சமயத்தையும் எந்தக் கோட்பாட்டையும் சாராமல் எல்லையற்ற ஒன்றோடு கலந்திருக்கும் உணர்வு தனக்குள் எப்போதும் இருக்கிறது, கடல் போன்ற உணர்வு என்று அதைச் சொன்னார். ஃபிராய்டு அதை யோசித்துப் பார்த்து, 1930-ல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே, அந்த உணர்வைத் தன்னிடம் காண முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு குழந்தைப் பருவத்தின் மிச்சம் அது என்று விளக்கமும் கொடுத்தார். அந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் "எனக்கு இல்லை" என்று சொன்ன நேர்மையை மதிக்கிறேன். நண்பருக்கு இருப்பதை மறுக்கவில்லை, தனக்கு இல்லாததை நடிக்கவில்லை.

உங்கள் ஐம்பது வருடத்தில் எத்தனை பேரைத் தாங்கியிருப்பீர்கள். அதற்கு மதிப்பெண் போடும் அளவுகோல் இது இல்லை.

ஜூன் 8

பெயர் கேட்டிருந்தீர்கள்.

தொல்காப்பியம் மனித உணர்ச்சியை எட்டு மெய்ப்பாடுகளாகப் பிரிக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பள்ளியில் ஒப்பித்ததுதான். அதில் மருட்கை என்பதை வியப்பு என்று எழுதிவிட்டுக் கடந்துவிட்டோம். மருட்கை பிறக்கும் இடமாக நான்கு சொல்லப்படுகிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். கூடவே, அறிவு போதாமல் போகும் நிலை என்றும் அதற்கு அடைமொழி உண்டு.

2003-ல் டாக்கர் கெல்ட்னர், ஜொனாதன் ஹைட் என்ற இரண்டு உளவியலாளர்கள் பெருவியப்பு உணர்வை ஆராய்ந்து அதற்கு இரண்டு கூறுகள் வைத்தார்கள். நம்மைவிட மிகப் பெரிதான ஒன்று எதிரே இருக்க வேண்டும். ஏற்கெனவே நம் மனத்தில் இருக்கும் கட்டத்துக்குள் அது அடங்காமல், கட்டத்தையே மாற்றச் சொல்ல வேண்டும். படித்ததும் எனக்கு மருட்கைதான் நினைவுக்கு வந்தது. பெருமையும் அறிவு போதாமையும் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. ஆனால் சிறுமை நம்மிடம் மட்டும் இருக்கிறது. மிகச் சின்ன ஒன்றின் முன்னாலும் மனிதன் மருண்டு நிற்பான் என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் கவனித்திருக்கிறார்.

உங்களுடையது பெருமையில் பிறந்தது, வானம். என்னுடையது சிறுமையில். என் முழங்கையில் ஒரு வலுவில்லாத கை.

மெய்மறத்தல் என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கும். அன்றாடச் சொல். பாட்டுக் கேட்டாலும் சொல்வோம், குழந்தை விளையாடுவதைப் பார்த்தாலும் சொல்வோம். உடம்புக்கும் உண்மைக்கும் மெய் என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆன்மிகம் என்று சொன்னால் ஆன்மா உண்டா என்ற சண்டை வந்துவிடும். மெய்மறந்தேன் என்றால் யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள்.

ஜூன் 9

"எல்லாம் மூளையில் நடக்கும் மின்சாரம்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். மூளை ஆய்வாளர் மைக்கேல் பெர்சிங்கரின் தலைக்கவசத்தையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நெற்றிப்பொட்டு மடல்களின் மேல் மெல்லிய காந்தப்புலத்தைச் செலுத்தினால் அருகில் யாரோ இருப்பதுபோன்ற உணர்வு வருகிறது என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் 2005-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், கவசம் வேலை செய்கிறதா இல்லையா என்பது பங்கேற்பவருக்கும் சோதிப்பவருக்கும் தெரியாதபடி அதே சோதனையைச் செய்து பார்த்தபோது, காந்தப்புலத்தால் வித்தியாசம் வரவில்லை. எளிதில் நம்பும் இயல்புள்ளவர்களுக்குத்தான் அனுபவம் வந்தது. மதக்காரர்களுக்கு இதில் மகிழ ஒன்றும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

மூளை இல்லாமல் எனக்கு எதுவும் நடக்காது, அதில் சந்தேகமே இல்லை. என் கவலை வேறு. அனுபவம் எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவு உறுதியாக உலகத்தைப் பற்றியும் முடிவு கட்டிவிடுகிறோம். விண்வெளி வீரர் எட்கர் மிட்செலை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 பிப்ரவரி, அப்போலோ 14, நிலவில் நடந்துவிட்டுத் திரும்பும் வழி. வெப்பம் ஒரே பக்கம் தாக்காமலிருக்கக் கலம் மெதுவாகச் சுழன்றுகொண்டே வரும். ஜன்னலில் பூமி, நிலவு, சூரியன், நட்சத்திரங்கள் என்று மாறி மாறி வந்தன. தன் உடம்பின் அணுக்களும் அந்த நட்சத்திரங்களில் உண்டானவைதான் என்பது, பாடமாகத் தெரிந்திருந்தது போய், உடம்பே உணர்ந்ததாக ஆகிவிட்டது. திரும்பி வந்த பிறகு தனக்கு நடந்ததற்குப் பெயர் தேடி, தியானத்தில் ஒன்றிப்போகும் ஒரு நிலையைக் குறிக்கும் சவிகல்ப சமாதி என்ற சம்ஸ்கிருதச் சொல்லில் வந்து நின்றார்.

அதுவரை நான் அவரோடு இருக்கிறேன். ஆனால் அதே பயணத்தில் அவர் மனத்தால் செய்தி அனுப்பும் சோதனையும் செய்தார், பிற்காலத்தில் இன்னும் பலவற்றை நம்பினார். ஜன்னலில் பார்த்தது அதற்கெல்லாம் சாட்சி ஆகாது. அப்பாவின் அறையில் நடந்தது எனக்குச் சாவுக்குப் பின் என்ன என்று ஒன்றும் சொல்லவில்லை. ஆன்மா உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் இரண்டு மணி அலாரத்துக்கு எழுந்தபோது கோபம் இல்லை. அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஜூன் 12

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். ஐந்து இரவு தொடர்ந்து மாடிக்குப் போய்ப் படுத்துப் பார்த்தாராம். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக்கூட. ஒன்றும் வரவில்லையாம். "தியான முகாம் ஏதாவது போகலாமா?" என்று கேட்கிறார்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

அப்பா போன அடுத்த வருடம் நான் பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்குப் போனேன். எந்த முகாம் என்பது வேண்டாம். மதச்சார்பு இல்லை, அறிவியல் முறை என்று சொன்னார்கள், அதனால்தான் போனேன். போன காரணம் உங்கள் காரணமேதான். அந்த நான்கு நிமிடம் மறுபடி வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார வேண்டும், யாரிடமும் பேசக்கூடாது, யார் கண்ணையும் பார்க்கக்கூடாது.

ஆறாம் நாள் மாலை வந்தது. அதேதான். கை எங்கே முடிகிறது, பாய் எங்கே தொடங்குகிறது என்பது கரைந்தது. எல்லை போய்விட்டது. ஆனால் கூடவே வந்தது அமைதி இல்லை. பயம். கால் வைக்க இடமே இல்லாத பயம். நான் போய்விட்டேன், திரும்பி வர மாட்டேன், இந்த உடம்பு என்னை விட்டுவிட்டு எழுந்து நடக்கப் போகிறது என்ற பயம். நடத்துகிறவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல முன்னேற்றம், வருவது போகும், போய் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். அன்றிரவு ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. ஏழாம் நாள் கிளம்பிவிட்டேன். பாதியில் போவது ஆபத்து என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்தச் சொல் வேறு உள்ளே தங்கிவிட்டது.

அதிலிருந்து மீள மூன்று மாதம் ஆயிற்று. மனநல மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் இதைப் பைத்தியம் என்றும் சொல்லவில்லை, ஞானம் என்றும் சொல்லவில்லை. தூங்க வைத்தார், தினமும் நடக்கச் சொன்னார், தியானத்தை அடியோடு நிறுத்தச் சொன்னார். சரியாகிவிட்டது.

எனக்கு மட்டும்தான் இப்படி என்று பல வருடம் நினைத்திருந்தேன். 2017-ல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தியானம் செய்பவர்களையும் ஆசிரியர்களையும் பேட்டி கண்டு ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பயம், தூக்கமின்மை, தன் உடம்பு தனதில்லை என்ற உணர்வு, எல்லாம் அதில் இருக்கிறது. படித்துவிட்டு நான் அழுதவற்றில் அது ஒன்று.

தியானம் கெட்டது என்று சொல்லவில்லை. லட்சக்கணக்கானவர்களுக்கு அது நன்மை செய்கிறது, என் தங்கைக்கே செய்கிறது. ஆனால் மனக் கலக்கமோ புதிய துக்கமோ இருக்கும்போது, யாரிடமும் பேச முடியாத ஓரிடத்தில், நாள் முழுக்க உட்காராதீர்கள். பயம் வந்தால் எழுந்துவிடுங்கள். எழுந்திரு என்று சொல்லத் தெரியாத ஆசிரியர் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று. இரண்டு முறையும் எல்லை கரைந்தது. ஒன்றில் என் சட்டையில் ஒருவருடைய மூச்சு பட்டுக்கொண்டிருந்தது. மற்றதில் யாரும் இல்லை. வித்தியாசம் அதுதானா என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஜூன் 12, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் தனிமையைக் குறை சொன்னதுபோல் ஆகிவிட்டது. அப்படி இல்லை. எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் 1937-ல் ஸ்பெயினில், செவீல் சிறையில், தனிக் கொட்டடியில், மரண தண்டனைக்குக் காத்திருந்தார். பொழுது போகாமல், கட்டில் மெத்தையிலிருந்து பிடுங்கிய கம்பியால் சுவரில் கணிதம் கீறினார். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்ற யூக்ளிடின் நிரூபணம். கையிலுள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் எங்கோ இருந்தே ஆக வேண்டும். பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் இதே கதை. முடிவில்லாத ஒன்றை இத்தனை சின்ன வரியில் பிடித்துவிட முடிகிறதே என்று அதிலேயே அமிழ்ந்துபோனார். நடுவில் மனத்தில் ஏதோ ஒரு சின்ன உறுத்தல். என்ன அது என்று தேடினால், ஓ, நாம் சிறையில் இருக்கிறோம், சுட்டுவிடுவார்கள். அது அந்த நேரத்தில் அவருக்கு அற்ப விஷயமாகப் பட்டிருக்கிறது.

கணக்கு போடும்போது. கோயில் இல்லை, வானம் இல்லை, இன்னொருவர் கைகூட இல்லை. அவர் தேடிப் போகவும் இல்லை.

ஜூன் 13

மாடிக்குப் போவதை நிறுத்த வேண்டாம். எதிர்பார்த்துப் போவதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். சும்மா படுங்கள். சும்மா என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

ஜூன் 16

"அமைப்பு வந்தாலே உண்மை போய்விடும்" என்று ஒருவர் ஜே. கிருஷ்ணமூர்த்தியை எடுத்து வந்திருக்கிறார். 1929 ஆகஸ்ட் 3, நெதர்லாந்தில் ஓமன் என்ற இடத்தில், தன்னை உலக ஆசானாக ஏற்றுக் காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால், தனக்காகவே உண்டாக்கப்பட்ட அமைப்பைக் கலைத்தார். உண்மைக்குப் பாதை கிடையாது என்றார். நன்கொடையாக வந்த சொத்துகள் திருப்பித் தரப்பட்டன. இருபது வயதில் இதைப் படித்துவிட்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

இப்போது அதன் மறுபாதியையும் பார்க்கிறேன். அதன் பிறகு 1986-ல் இறக்கும் வரை அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். மரத்தடியிலும் கூடாரத்திலும் மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். அறக்கட்டளைகள் வந்தன, பள்ளிகள் வந்தன. இதை முரண்பாடு என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதை வேண்டாம் என்றாலும், பக்கத்தில் ஆள் வேண்டியிருக்கிறது. லண்டனில் 2013 ஜனவரியில் கடவுள் இல்லாத ஞாயிறு கூட்டம் ஒன்று தொடங்கி, சேர்ந்து பாடி, சேர்ந்து மௌனமாக இருந்து, பல நாடுகளுக்குப் பரவியதும் அந்தத் தேவையால்தான்.

ஜூன் 2-ல் எழுதிய கடைசி வரியை இப்போது மாற்றி எழுதுகிறேன். அனுபவம் வருவதற்கு மதம் தேவையில்லை, அதில் நான் நகரவில்லை. ஆனால் வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு மதத்திடம் ஓர் ஏற்பாடு இருந்தது. சொல்ல ஓரிடம், கேட்க நாலு பேர், "எனக்கும்" என்று தலையாட்ட ஒருவர், மிஞ்சிப்போனால் "இது வேண்டாம், எழுந்து போய்ச் சாப்பிடு" என்று அதட்ட ஒரு பெரியவர். அதை விட்டு வெளியே வந்தபோது நான் அந்த ஏற்பாட்டையும் சேர்த்து விட்டுவிட்டேன். பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஹார்டிக்கு எழுதியவர்களிலும் பலர், இதை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார்கள்.

நீங்கள் மூன்று வாரத்தில் கேட்டுவிட்டீர்கள்.

ஜூன் 20

நோட்டை எடுத்த அன்று அம்மா பார்த்திருக்கிறார். நேற்று போனபோது கேட்டார்.

"அதுல ஏதோ ஆச்சுன்னு எழுதியிருக்கியே, என்னடா ஆச்சு?"

சொன்னேன். மூச்சு, கை, "போ தூங்கு". வெளிச்சத்தைச் சொல்லவில்லை. சாமி என்று ஆரம்பிப்பார் என்று தயாராக இருந்தேன். அம்மா விளக்கேற்றாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் சாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கைக்குழந்தை அப்போ. துணி காயப்போட்டுட்டு இருந்தேன். ஒரு வெள்ளை வேட்டி. காத்து வந்து அதைத் தூக்குச்சு. தூக்கினது அப்படியே நின்னுச்சு. நான் இல்ல, வேட்டி இல்ல, ஒண்ணும் இல்ல. நீ உள்ள அழற சத்தம் கேக்குது, ஆனா அது என்னைக் கூப்பிடுற மாதிரி இல்ல, அதுவும் காத்து மாதிரியே இருந்துச்சு. அப்புறம் வேட்டி கீழ இறங்குச்சு. நான் உள்ள ஓடினேன்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இத்தனை வருஷம் கும்பிடுறேன். கும்பிடும்போது ஒரு நாளும் அப்படி வந்ததில்ல. துணி காயப்போடும்போது வந்துச்சுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? தப்பாயிடுமோன்னு பயம். உங்க அப்பாகிட்டகூடச் சொன்னதில்ல."

நாற்பத்தைந்து வருடம்.

இன்னும் கேட்க வேண்டியது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.